சுரையாவும் சுஹைலும் எங்கே? கிருஷ்ணகிரி வானில் விண்மீன்களை அறிவோம்

சுரையா என்ற பெயரும் சுஹைல் என்ற பெயரும் நமக்குப் புதியவை அல்ல. நம் உறவில் ஒருவராவது இந்தப் பெயரில் இருப்பார். நஜ்மா, தாரிக், ஹிலால், கமர், ஷம்ஸுத்தீன், நஜ்முத்தீன் என்று இந்தப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். இவை எல்லாம் வானத்திலிருந்து வந்த பெயர்கள். சுரையா என்பது தமிழில் நாம் கார்த்திகை என்றும் அறுமீன் என்றும் சொல்லும் விண்மீன் கூட்டம். சுஹைல் என்பது தமிழில் அகத்திய விண்மீன் என்று அழைக்கப்படுவது. இரவு வானில் இரண்டாவது பிரகாசமான விண்மீன் அது.

ஆனால் நம் வீட்டு சுஹைலிடம், "உன் விண்மீன் எது, காட்டு" என்று கேட்டால் எத்தனை பேரால் விரல் நீட்டிக் காட்ட முடியும்? பெயர் நம்மிடம் தங்கிவிட்டது. அந்தப் பெயருக்குரியதைப் பார்க்கும் பழக்கம்தான் போய்விட்டது.

தொழுகை நேரம், பிறை, கிப்லா, கடல் பயணம், பாலைவனப் பயணம் எல்லாவற்றுக்கும் வானத்தைப் பார்த்தவர்கள் நம் முன்னோர். இன்று இவை அனைத்தும் கைப்பேசிச் செயலிக்குள் வந்துவிட்டன. அதில் தவறில்லை. ஆனால் செயலி சொல்வது சரியா என்று ஒரு முறையாவது கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும் அறிவு ஒரு குடும்பத்தில் ஒருவருக்காவது இருக்க வேண்டாமா? அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ உங்கள் வீட்டு மொட்டைமாடியே போதும். எங்கே, எப்போது, எதைப் பார்ப்பது என்பதை இந்தக் கட்டுரை சொல்கிறது.

விண்மீன் அறிவும் ஜோதிடமும் ஒன்றல்ல

தொடங்கும் முன் ஒரு விளக்கம். ரோகிணி, திருவாதிரை, கேட்டை என்ற பெயர்களைக் கேட்டதும் சிலருக்கு ஜாதகம் நினைவுக்கு வரும், தயக்கமும் வரும். விண்மீனைப் பார்த்து மனிதனின் எதிர்காலத்தைச் சொல்வது ஜோதிடம். அதை மார்க்கம் ஏற்பதில்லை. விண்மீன் எங்கே இருக்கிறது, எப்போது உதிக்கிறது, எப்படி நகர்கிறது என்று அளந்து அறிவது வானியல். இதற்கு முஸ்லிம் அறிஞர்கள் பல நூற்றாண்டு உழைத்திருக்கிறார்கள். குர்ஆனில் அந்நஜ்ம், அல்கமர், அல்புரூஜ், அத்தாரிக், அஷ்ஷம்ஸ் என்று வானத்தின் பெயரால் அமைந்த அத்தியாயங்கள் இருக்கின்றன. தரையின் இருளிலும் கடலின் இருளிலும் வழி அறிய விண்மீன்கள் உதவுவதையும் குர்ஆன் நினைவூட்டுகிறது. ரோகிணி, திருவாதிரை என்பன குறிப்பிட்ட விண்மீன்களின் தமிழ்நாட்டு வழக்குப் பெயர்கள். அந்த அளவில் அவற்றைப் பயன்படுத்துவதில் குழப்பம் வேண்டாம்.

உலகம் முழுதும் வழங்கும் அரபுப் பெயர்கள்

இன்று அமெரிக்காவிலோ ஜப்பானிலோ ஒரு வானியலாளர் விண்மீன்களின் பெயரைச் சொன்னால், அவற்றில் பல அரபுச் சொற்களே. உச்சரிப்பு மட்டும் ஐரோப்பிய நாவில் திரிந்திருக்கிறது. சிலவற்றைப் பார்ப்போம்.

அல்டெபரான்: 'அத்தபரான்' என்றால் பின்தொடர்பவன். சுரையா கூட்டம் உதித்த பின் அதைத் தொடர்ந்து உதிப்பதால் வந்த பெயர். தமிழில் ரோகிணி. செம்மஞ்சள் நிறம்.

ரைஜெல்: 'ரிஜ்ல்' என்றால் கால். ஓரியன் என்னும் வேட்டைக்காரன் உருவத்தின் கால் பகுதியில் இருக்கும் நீலவெள்ளை விண்மீன்.

பீட்டல்ஜுஸ்: 'யத் அல்ஜவ்ஸா', அதாவது ஜவ்ஸாவின் கை என்ற சொல் எழுத்துப் பிழையால் திரிந்தது. தமிழில் திருவாதிரை. சிவப்பாகத் தெரியும்.

ஆல்டேர்: 'அந்நஸ்ர் அத்தாயிர்', பறக்கும் கழுகு. தமிழில் திருவோணம்.

வேகா: 'அந்நஸ்ர் அல்வாகிஃ', கீழிறங்கும் கழுகு. இந்திய மரபில் அபிஜித்.

டெனெப்: 'தனப்' என்றால் வால். அன்னப் பறவை உருவத்தின் வாலில் இருக்கிறது.

ஃபோமல்ஹாட்: 'ஃபம் அல்ஹூத்', மீனின் வாய்.

அகெர்னார்: 'ஆகிர் அந்நஹ்ர்', ஆற்றின் முடிவு. நதி உருவ விண்மீன் வரிசையின் கடைசியில் இருப்பது.

இரவு வானிலேயே மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸுக்கு அரபியில் 'அஷ்ஷிஃரா' என்று பெயர். அந்நஜ்ம் அத்தியாயத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் விண்மீன் இது. அடுத்த முறை அந்த அத்தியாயத்தை ஓதும்போது, பிப்ரவரி மாத இரவாக இருந்தால், மாடிக்குப் போய் அந்த விண்மீனையே பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

அளந்தவர்கள்: இஸ்ஃபஹானிலிருந்து காவலூர் வரை

இந்தப் பெயர்கள் நிலைத்ததற்கு முக்கியக் காரணம் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி. கி.பி. 903 முதல் 986 வரை வாழ்ந்தவர். இஸ்ஃபஹானில் இருந்து வானத்தை ஆராய்ந்து, சுமார் 964இல் விண்மீன்கள் பற்றிய நூலை எழுதினார். ஒவ்வொரு விண்மீன் உருவத்துக்கும் இரண்டு படங்கள் கொடுத்தார். ஒன்று தரையிலிருந்து பார்க்கும்போது தெரிவது. மற்றொன்று வான உருண்டையில் வரைந்தால் தெரிவது. வானில் ஓரிடத்தில் சிறு மேகம் போல ஒன்று இருப்பதையும் அவர் குறித்து வைத்தார். நம் பால்வழிக்கு அப்பால் இருக்கும் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம்தான் அது. தொலைநோக்கி வருவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே, வெறுங்கண்ணால் பார்த்து எழுதப்பட்ட குறிப்பு.

14ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸின் உமையா பள்ளிவாசலில் இப்னு ஷாத்திர் 'முவக்கித்' பொறுப்பில் இருந்தார். தொழுகை நேரங்களைக் கணித்துச் சொல்வது முவக்கித்தின் பணி. அதாவது ஒரு பள்ளிவாசலின் ஊழியர் பட்டியலில் வானியலாளர் ஒருவர் இருந்தார். அவர் நிலவின் இயக்கத்துக்கு அமைத்த கணித மாதிரி, 1543இல் வெளியான கோப்பர்நிக்கஸின் நூலில் உள்ள மாதிரியோடு ஒத்திருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் சமர்கந்தின் ஆட்சியாளர் உலுக் பேக் தானே வானாய்வகம் கட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களை அளந்து 1437இல் அட்டவணையாக்கினார்.

இந்தத் தொடர்ச்சி நம் நாட்டிலும் உண்டு. 1901இல் ஹைதராபாத்தில் நவாப் ஜஃபர் ஜங் தன் சொந்த ஆர்வத்தில் ஒரு வானாய்வகத்தை உருவாக்கினார். அதுவே நிஜாமியா வானாய்வகம். உலக நாடுகள் பங்கிட்டுச் செய்த விண்மீன் படத் திட்டத்தில் தன் பங்காக லட்சக்கணக்கான விண்மீன்களின் இடங்களை அது அளந்து கொடுத்தது. பின்னர் உஸ்மானியா பல்கலைக்கழகத்துடன் இணைந்தது.

அந்த நிஜாமியாவில் பணியாற்றிய ஒருவரின் மகன்தான் வைணு பாப்பு. 1927இல் பிறந்தவர். தந்தையின் பணியிடத்தில் தொலைநோக்கிகளைப் பார்த்து வளர்ந்தார். 1949இல் அமெரிக்காவில் மாணவராக இருந்தபோது இருவருடன் சேர்ந்து ஒரு வால்மீனைக் கண்டறிந்தார். அதற்கு அவர் பெயரும் சேர்த்து வைக்கப்பட்டது. 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். விண்மீன்களைப் பார்க்க இன்னும் நல்ல இடம் வேண்டும் என்று தேடியவர், நம் அருகிலேயே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். ஜவ்வாது மலையில் உள்ள காவலூர்.

வாணியம்பாடிக்காரர்களும் ஆலங்காயத்துக்காரர்களும் இந்த ஊரை நன்கு அறிவார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து நேர்கோட்டில் கிழக்கே சுமார் 65 கி.மீ. கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் அங்கே ஆய்வு தொடங்கியது. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதே ஆண்டில் வியாழனின் நிலவான கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான சான்று அங்கே கிடைத்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988இல் அங்கே கண்டறியப்பட்ட சிறுகோளுக்குக் கணிதமேதை ராமானுஜனின் பெயர் வைக்கப்பட்டது. இந்தியாவிலேயே கட்டப்பட்ட 2.3 மீட்டர் பெரிய தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அதைப் பார்க்க வைணு பாப்பு உயிருடன் இல்லை, 1982இல் இறந்துவிட்டார். வானாய்வகத்துக்கும் அந்தத் தொலைநோக்கிக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது.

மொட்டைமாடியில் முதல் பாடம்

தொலைநோக்கி வாங்குவதில் தொடங்க வேண்டாம். முதல் ஆறு மாதத்துக்கு வெறுங்கண்ணே போதும்.

முதலில் கண்ணை இருளுக்குப் பழக்குங்கள். வெளிச்சத்திலிருந்து வந்த கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். இடையில் ஒரு முறை கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். டார்ச் அவசியம் என்றால் அதன் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு வெளிச்சம் இருளுக்குப் பழகிய பார்வையை அதிகம் கெடுக்காது.

அடுத்து, கையால் அளக்கப் பழகுங்கள். கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கினால், முஷ்டியின் அகலம் வானில் சுமார் 10 பாகை. சுண்டுவிரலின் அகலம் சுமார் 1 பாகை. தொடுவானிலிருந்து தலை உச்சி வரை 90 பாகை, அதாவது ஒன்பது முஷ்டி. பெரியவருக்குக் கையும் நீளம், முஷ்டியும் பெரிது. சிறுவருக்கு இரண்டும் சிறிது. அதனால் அளவு எல்லோருக்கும் ஏறக்குறைய சரியாக வரும்.

மூன்றாவது, வடக்கைக் கண்டுபிடியுங்கள். ஏப்ரல், மே மாத இரவுகளில் வடக்கு வானில் ஏழு விண்மீன்கள் அகப்பை வடிவில் தெரியும். சப்தரிஷி மண்டலம் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். அகப்பைக் கிண்ணத்தின் வெளி ஓரத்தில் உள்ள இரண்டு விண்மீன்களை இணைத்து, அந்தத் தூரத்தைப் போல் ஐந்து மடங்கு நீட்டினால் துருவ விண்மீன் வரும். ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, அத்தனை பாகை உயரத்தில்தான் துருவ விண்மீன் இருக்கும். கிருஷ்ணகிரி 12.5 பாகையில் இருக்கிறது. ஆகவே வடக்குத் தொடுவானிலிருந்து ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே தேடுங்கள். கட்டடமோ மரமோ மறைத்தால் தெரியாது. பழைய மாலுமிகள் தாம் எந்த அட்சரேகையில் இருக்கிறோம் என்று அறிந்தது இந்த அளவை வைத்துத்தான்.

அகப்பைக் காம்பின் நடு விண்மீனை உற்றுப் பாருங்கள். அதை ஒட்டி மங்கலான இன்னொன்று தெரிகிறதா? அரபியில் அது 'ஸுஹா', தமிழில் அருந்ததி. அரபு மக்கள் இதைக் கண்பார்வைச் சோதனையாக வைத்திருந்தார்கள்.

நான்காவது, கோளையும் விண்மீனையும் பிரித்தறியுங்கள். விண்மீன் மினுமினுக்கும். வெள்ளி, வியாழன் போன்ற கோள்கள் பெரும்பாலும் மினுங்காமல் நிலையாக ஒளிரும். ஒவ்வொரு விண்மீனும் தினமும் சுமார் 4 நிமிடம் முன்னதாக உதிக்கும். மாதத்துக்கு 2 மணி நேரம். அதனால்தான் பருவத்துக்குப் பருவம் வானம் மாறுகிறது.

நம் வானத்தின் ஆண்டு அட்டவணை

இரவு எட்டரை, ஒன்பது மணியளவில், நிலவொளி குறைந்த நாள்களில் பாருங்கள்.

ஜனவரி, பிப்ரவரி: ஆண்டின் சிறந்த பருவம். சுரையா தலைக்கு மேலே சிறு கொத்தாக நிற்கும். அருகே ரோகிணி. அடுத்து ஓரியன், இடுப்பில் ஒரே வரிசையில் மூன்று விண்மீன்கள் இருப்பதால் குழந்தையும் கண்டுபிடித்துவிடும். அந்த மூன்றையும் இணைத்துத் தென்கிழக்காக நீட்டினால் அஷ்ஷிஃரா. பிப்ரவரி நடுவில் நேர் தெற்கே பாருங்கள். தொடுவானிலிருந்து இரண்டரை முஷ்டி உயரத்தில் தனியாக ஒளிர்வதுதான் சுஹைல்.

வளைகுடாவில் வேலை செய்பவர்களுக்குச் சுஹைலைத் தெரிந்திருக்கும். ஆகஸ்ட் இறுதியில் விடியலுக்கு முன் அது முதலில் தோன்றினால் கோடை வெப்பம் குறையத் தொடங்கும் என்பது அங்குள்ள வழக்கு. துபாயில் அது தொடுவானுக்கு மேல் 12 பாகைதான் ஏறும். கிருஷ்ணகிரியில் அதைப்போல் இரு மடங்கு, சுமார் 25 பாகை ஏறும். லண்டனில் இருப்பவரால் அதைப் பார்க்கவே முடியாது.

மார்ச், ஏப்ரல், மே: வடக்கே அகப்பை. அதன் காம்பின் வளைவை அப்படியே நீட்டினால் ஆரஞ்சு நிறச் சுவாதி, மேலும் நீட்டினால் வெண்ணிறச் சித்திரை. மே தொடக்கத்தில் இரவு பத்து மணிக்கு நேர் தெற்கே, இரண்டு முஷ்டிக்குச் சற்றுக் கீழே தென்சிலுவை தெரியும். வட இந்தியாவின் பெரும்பகுதிக்குச் சரியாகக் கிடைக்காத காட்சி இது.

ஜூன், ஜூலை: தெற்கே விருச்சிகம். உண்மையிலேயே கொடுக்குள்ள தேள் போலவே இருக்கும். அதன் நெஞ்சில் சிவந்த கேட்டை. மேகம் விலகும் இரவுகளைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர்: மழைக்காலம். மேகம் கலைந்தால் தலைக்கு மேலே பறக்கும் கழுகும், வடக்கே கீழிறங்கும் கழுகும், வடகிழக்கே டெனெப்பும் சேர்ந்து பெரிய முக்கோணமாகத் தெரியும்.

நவம்பர், டிசம்பர்: தெற்கே மீனின் வாயும், டிசம்பரில் அதற்கும் தாழ்வாக ஆற்றின் முடிவும். கிழக்கே சுரையா உதித்து, அதைத் தொடர்ந்து ரோகிணி வருவதைப் பாருங்கள். அத்தபரான் என்ற பெயரின் பொருள் அப்போது கண்ணுக்கே புரியும். நல்ல இருளுள்ள கிராமத்தில் இருந்தால், வடக்கு வானின் உயரத்தில் அஸ்ஸூஃபி குறித்த அந்தச் சிறு மேகத்தையும் தேடலாம்.

பிறை பார்க்கத் தெரிந்துகொள்வோம்

பிறை விஷயத்தில் யார் எந்தக் கருத்தில் இருந்தாலும், பிறை எங்கே எப்படித் தெரியும் என்ற அறிவு எல்லோருக்கும் பொதுவானது.

சூரியனும் நிலவும் ஒரே திசையில் சேரும் நேரம் சங்கமம். ஒரு சங்கமத்திலிருந்து அடுத்ததற்குச் சராசரியாக 29.53 நாள். அதனால்தான் மாதம் 29 அல்லது 30 நாளாக அமைகிறது. சங்கமத்துக்குப் பின் நிலவு தினமும் சூரியனை விட்டுச் சுமார் 12 பாகை கிழக்கே விலகும். போதுமான அளவு விலகிய பிறகே, ஒளிபெற்ற அதன் ஓரம் நம் கண்ணுக்குத் தெரியும். சங்கமம் ஆகி 15 மணி நேரத்துக்கும் குறைவான பிறையை வெறுங்கண்ணால் பார்ப்பது மிக மிக அரிது. நேரம் மட்டும் போதாது; சூரியன் மறையும்போது நிலவு தொடுவானுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம்.

சூரியன் மறைந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, 20 முதல் 40 நிமிடம் கழித்து அதற்கு மேலேயும் இரு பக்கங்களிலும் தேடுங்கள். பிறையின் வளைந்த ஒளி ஓரம் எப்போதும் சூரியன் இருக்கும் பக்கத்தை நோக்கியே இருக்கும். இரு முனைகளும் அதற்கு எதிர்ப்பக்கம் நீளும். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் பல மாதங்களில் பிறை படகு போலக் கிடக்கும். முனைகள் சூரியனை நோக்கி இருப்பதாக ஒருவர் சொன்னால், அவர் பார்த்தது வேறு எதையோ. வெள்ளிக் கோளையும், விமானம் விட்டுச்சென்ற புகைக்கோட்டையும் பிறை என்று எண்ணிவிடுவதும் உண்டு. பார்த்தவரிடம், "சூரியன் மறைந்த இடத்துக்கு எந்தப் பக்கம், எத்தனை முஷ்டி உயரத்தில், முனைகள் எந்தப் பக்கம்?" என்று மூன்று கேள்வி கேட்டாலே பெரும்பாலும் தெளிவு வந்துவிடும். ரமளானுக்கு மட்டும் தேடாமல் 12 மாதமும் தேடிப் பழகியவருக்கே இந்தக் கண் வாய்க்கும்.

கிப்லாவும் ஃபஜ்ரும்

கிருஷ்ணகிரி, ஓசூரிலிருந்து கிப்லா நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து வடக்கே சுமார் 19 பாகை விலகி, அதாவது ஏறக்குறைய இரண்டு முஷ்டி தள்ளி இருக்கிறது. இதை நீங்களே சரிபார்க்கலாம். ஆண்டில் இரு முறை சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே வருகிறது. மே 28ஐ ஒட்டி நம் நேரப்படி மதியம் 2.48க்கும், ஜூலை 16ஐ ஒட்டி 2.57க்கும். அந்த நிமிடத்தில் தரையில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டால், நிழலுக்கு நேர் எதிர்த்திசைதான் கிப்லா. சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம். நிழலை மட்டும் பாருங்கள்.

ஃபஜ்ர் விஷயத்தில் ஃபிக்ஹு நூல்கள் இரண்டு விடியலைச் சொல்கின்றன. சுப்ஹு காதிப் என்ற பொய் விடியல், சுப்ஹு ஸாதிக் என்ற உண்மை விடியல். பொய் விடியல் கிழக்கே கூம்பு போல மேல்நோக்கி எழும் மங்கலான வெளிச்சம். கோள்களின் பாதையில் பரவியிருக்கும் நுண்தூசியில் சூரிய ஒளி பட்டுச் சிதறுவதால் அது தோன்றுகிறது. உண்மை விடியல் தொடுவானை ஒட்டிப் பக்கவாட்டில் விரியும். நூலில் படிக்கும் இந்த வேறுபாட்டை நேரில் பார்த்தவர்கள் இன்று நம்மில் மிகச் சிலரே. காரணம், பொய் விடியல் தெரிவதற்கு வேண்டிய இருள் நம் ஊர்களில் இல்லை.

ஓசூரின் வெளிச்சம்

சிப்காட் தொழிற்பேட்டையும், அதைத் தொடர்ந்து வந்த ஆலைகளும், அகன்ற நெடுஞ்சாலையும் நம் பகுதிக்குப் பிழைப்பைத் தந்தன. நம் வீட்டுப் பிள்ளைகளே மூன்று ஷிப்டிலும் அங்கே வேலை செய்கிறார்கள். அந்த வளர்ச்சியின் கூடவே வந்தது இரவு வெளிச்சம். கிருஷ்ணகிரியிலிருந்து பார்த்தால் ஓசூரும் அதற்கப்பால் பெங்களூரும் வடமேற்கை ஒட்டிய திசையில் இருக்கின்றன. கிப்லாவுக்குச் சற்று வலப்பக்கம். இரவில் அந்தப் பக்கம் தொடுவானில் தெரியும் வெளுப்பு இந்த நகரங்களுடையது. கிழக்கு வானம் நமக்கு இன்னும் ஓரளவு மிச்சம் இருக்கிறது.

உங்கள் வானம் எப்படி என்று அறிய ஓர் எளிய சோதனை. ஜனவரியில் சுரையாவை எண்ணுங்கள். அறுமீன் என்ற பெயருக்கேற்ப ஆறு தெரிந்தால் நல்ல வானம். வெறும் மங்கல் புள்ளியாகத் தெரிந்தால் வெளிச்சம் அதிகம். ஆண்டுதோறும் அதே மாடியிலிருந்து எண்ணிக் குறித்து வையுங்கள்.

இதைச் சரிசெய்ய வேலையை நிறுத்த வேண்டியதில்லை; விளக்கைத் திருப்பினால் போதும். வெளிவிளக்கு தரையைப் பார்த்து இருக்கட்டும், மேலே மூடி இருக்கட்டும். கண்ணைக் கூசும் நீலவெள்ளை விளக்குக்குப் பதில் மஞ்சள் விளக்கைப் போடுங்கள். தேவையில்லாத நேரத்தில் அணையுங்கள். வீடு, கடை, பள்ளிவாசல், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மின்கட்டணமும் குறையும். லடாக்கின் ஹன்லே பகுதி 2022இல் நாட்டின் முதல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கிராம மக்கள் தங்கள் விளக்குகளை மறைத்து வைத்து அந்த வானத்தைக் காக்கிறார்கள். காவலூரின் வானமும் சுற்றியுள்ள ஊர்களின் விளக்குகளை நம்பித்தான் இருக்கிறது.

குடும்பத்தோடு எங்கே போகலாம்?

காவலூர் வானாய்வகத்தைப் பொதுவாகச் சனிக்கிழமைகளில் பொதுமக்கள் பார்க்கலாம். புறப்படும் முன் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் நேரத்தையும் அனுமதி விவரத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து திருப்பத்தூர், ஆலங்காயம் வழியாகவும், வாணியம்பாடி வழியாகவும் போகலாம். மலைப்பாதை என்பதால் பகலிலேயே ஏறிவிடுவது நல்லது.

ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரின் ஜவாஹர்லால் நேரு கோளரங்கம் அருகில் இருக்கிறது. 1989 முதல் இயங்கும் இங்கே, மழைக்காலத்தில் தெரியாத வானத்தைக் கூரைக்கு அடியில் பார்த்துக் கற்கலாம்.

இருள் வேண்டும் என்று தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, அது யானை நடமாடும் காடு. இரவில் காட்டோரம் வண்டியை நிறுத்தி நிற்கக் கூடாது. அங்கே உறவினர் வீடு இருந்தால், அவர்கள் மாடியிலிருந்தே பாருங்கள்.

ஆர்வம் நிலைத்த பிறகு ஏதாவது வாங்க விரும்பினால், முதலில் 7x50 அல்லது 10x50 அளவுள்ள பைனாகுலர் போதும். சுரையாவில் ஆறுக்குப் பதில் பல பத்து விண்மீன்கள் தெரியும். நிலவின் பள்ளங்களும் வியாழனின் நிலவுகளும் கிடைக்கும். அதை ஒருபோதும் சூரியன் பக்கம் திருப்பக் கூடாது. கண் நிரந்தரமாகப் பாதிக்கப்படும். ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது; ஊரையும் நேரத்தையும் கொடுத்தால் அன்றைய வானத்தைக் காட்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து வையுங்கள். மாதம் ஒரு முறை, 29ஆம் நாள் மாலை பிறை தேடப் பிள்ளைகளோடு மாடிக்குப் போங்கள். இஷா தொழுத பிறகு மீண்டும் ஏறி, அந்த மாதத்துக்குரிய விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்து, தேதி, நேரம், திசை, எத்தனை முஷ்டி உயரம் என்று அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். ஓராண்டில் பன்னிரண்டு பிறையும் பன்னிரண்டு விண்மீனும் அவர்களுக்குப் பழகிவிடும். பிப்ரவரி வரும்போது, உறவில் உள்ள சுஹைலைக் கூப்பிட்டு, தெற்கே அவன் பெயருள்ள விண்மீனை அவர்களே காட்டட்டும்.